லான் அக்காவின் கத்திரிக்காய்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் எனக்கு ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். மாசாயிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவள் அவள். எல்லைப் பாலத்து நெரிசலில் புகையைக் குடித்துக் குடித்து அலுத்துவிட்டதாம். ரெங்கம் பக்கம் இரண்டு ஏக்கர் வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடப்போகிறாளாம். காணொளியில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர், லாபமும் வரவேண்டும், மண்ணும் கெடக்கூடாது, அதற்கு என்னென்ன செய்யவேண்டும் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் ஒரு பொட்டு மண் இல்லை. "ஆள் எப்படி அத்தை, நம்பலாமா?" என்று கீழே கேட்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் தன் ரோஜாத் தொட்டிகளுக்காகக் கோழி எரு மூட்டையைப் பிரித்தார். அடுக்குமாடி முழுக்கச் சன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. நான் மட்டும் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நாற்றம் எனக்கு லாயாங் லாயாங் ஊருக்குப் போகிற மண்சாலை. அண்ணனின் பழைய லாரி, முன்சீட்டில் நான், பின்னால் எரு மூட்டைகள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பாசிர் கூடாங்கில் கையுறைத் தொழிற்சாலை வேலை. இரண்டு வருடத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்து வேலையை விட்டிருந்தேன். அண்ணன் எஸ்டேட் லாரி ஓட்டியவர். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது அவருக்கும் வேலை போனது. லாயாங் லாயாங்கைத் தாண்டி நான்கு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார். தோட்டம் என்றால் எங்கள் பேச்சில் ரப்பரும் செம்பனையும்தான். காய்கறி போட்ட இடத்தைக் கெபுன் என்போம். அந்தக் கெபுனுக்குக் கணக்கு எழுதும் கிராணி நான், நான் காவல், நானே சமையலும். வீட்டில் எனக்கு 'மாத்தா மாத்தா' என்று பட்டப்பெயர். போலீஸ்காரி என்று அர்த்தம். காணாமல் போன சோப்பு முதல் வராத கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன். ஆள் பெரும்பாலும் தப்பான ஆளாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. யார் என்ன யோசனை சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார். "சொல்றவனுக்கு இதுல என்ன லாபம்?"

எங்கள் நிலத்துக்குக் கீழே, சரிவில், லான் அக்காவின் கத்திரிக் காடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், பாரிட் என்போம். எங்கள் வரப்பில் வழிகிற தண்ணீர் அதில் விழுந்து அவர் நிலத்துக்குப் போகும். அவர் சீனர். ஆனால் அவருடைய அப்பா தமிழர்கள் வேலை செய்த எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் லான் அக்கா பேசிய தமிழ் என் தமிழைவிடச் சுத்தம். கழுத்துவரை பொத்தான் போட்ட ஆண்பிள்ளைச் சட்டை, மஞ்சள் ரப்பர் பூட்ஸ். நாங்கள் போன முதல் வாரமே பாரிட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"தம்பி, நாலு ஏக்கரும் மிளகாயே போடாதீங்க. ஒரு ஏக்கர் சோளம் போடுங்க, அடுத்த தடவ மாத்திப் போடுங்க. மண்ணு மூச்சு விடணும். நாத்து வாங்குனா, அது வளர்ந்த எடத்த நேர்ல போயிப் பாத்துட்டு வாங்குங்க. வெளியாள் மண்வெட்டி வந்தா பிளீச் தண்ணில முக்கிட்டு உள்ள விடுங்க."

அண்ணன் தன் கேள்வியைக் கேட்டார். "இதெல்லாம் எங்களுக்குச் சொல்றதுல உங்களுக்கு என்ன லாபம், அக்கா?"

"இருக்கே. உங்க தண்ணி என் கத்திரிக்குத்தான வருது."

இதைவிட நேரான பதிலை யாரும் சொல்லமுடியாது. ஆனால் அன்று சாயங்காலம் அண்ணனும் நானும் அந்தப் பதிலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். ஒரு ஏக்கர் மிளகாயைக் குறைக்கச் சொல்கிறார். அப்படியானால் சந்தையில் எங்கள் மிளகாய் வரக்கூடாது. மண் மூச்சு விடட்டும் என்கிறார். நாங்கள் மூச்சுமுட்டி ஓடினால் நிலம் யாருக்குப் போகும்? தண்ணீர்க் கதையெல்லாம் சும்மா. இந்த முடிவுக்கு வர எங்களுக்கு இரண்டு கோப்பை தேநீர் போதுமாக இருந்தது.

அடுத்த மாதம் நாற்றுக்காரர் ஒருவர் வந்தார். எங்கள் ஆள், நெற்றியில் விபூதி, வாய் நிறைய "தம்பி, தங்கச்சி". தட்டுத் தட்டாக மிளகாய் நாற்று இறக்கினார். பத்துத் தட்டு சும்மா கொடுத்தார். நல்லாயிருந்தால் அடுத்த தடவை என்னிடமே வாங்குங்கள் என்றார். அண்ணன் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாற்று எங்கே வளர்ந்தது என்றுகூடக் கேட்காமல், சும்மா வந்த பத்துத் தட்டையும் மேட்டுப் பாத்தியில் நட்டோம்.

காய் பிடிக்கிற சமயம். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. ஒரு நாள் மதியம் மேட்டுப் பாத்தியில் ஏழெட்டுச் செடிகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. இலை பச்சையாகத்தான் இருந்தது. சாயங்காலம் நிமிர்ந்துகொண்டன. மறுநாள் மதியம் மறுபடியும் துவண்டன. இந்தத் தடவை இருபது செடி. வெயில் என்றார் அண்ணன். எனக்கு வேறு கணக்கு. பாரிட் கரையில் பூட்ஸ் தடம் பார்த்திருந்தேன். துவண்ட செடியில் ஒன்றை யாரோ அடித்தண்டில் வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள்.

மறுநாள் பகல் முழுக்க மருந்து வைக்கிற கொட்டகைக்குப் பின்னால் குடையும் பிஸ்கட் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு லான் அக்கா பாரிட்டைத் தாண்டி வந்தார். குனிந்து ஒரு செடியை வெட்டினார், பிளாஸ்டிக் பையில் போட்டார், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

விடிந்ததும் ரெங்கம் சந்தை. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். "அந்தச் சீன அம்மா எங்க தண்ணில என்னமோ கலக்குறாங்க. அவங்க கத்திரிக்கா வாங்கிச் சாப்பிடறவங்க பாத்துக்குங்க."

அன்று மதியமே லான் அக்கா எங்கள் கெபுனுக்கு வந்தார். கையில் ஒரு ஜாம் பாட்டில், நிறையத் தண்ணீர், அதில் நூலில் கட்டித் தொங்கவிட்ட மிளகாய்த் தண்டு. வெட்டுப்பட்ட நுனியிலிருந்து வெள்ளையாக ஓர் இழை, ஊதுவத்திப் புகையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி, தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நோய் தம்பி. மருந்துக்குக் கேட்காது. அந்தப் பாத்திய முழுசாப் பிடுங்கிக் கொளுத்துங்க. சுண்ணாம்பு போடுங்க. தண்ணி பாரிட்டுக்கு வராம மண்ணப் போட்டு அடைங்க. மழ வர்றதுக்குள்ள செய்யணும்."

"தீபாவளிக்குப் பறிக்கப்போற மிளகாய நான் பிடுங்கறதா?" என்றார் அண்ணன். "நீங்களே எதாச்சும் ஊத்தியிருக்கலாம்."

லான் அக்கா என்னைப் பார்த்தார். "நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா?"

நான் சொன்ன பதிலை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. "பாட்டில் உங்களோடதுதானக்கா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பாட்டிலைத் தரையில் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். "அப்ப உன் பாட்டில்ல, உன் தண்ணில போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போட்டுப் பார்த்தேன். எங்கள் கண்ணாடி டம்ளர், எங்கள் குழாய்த் தண்ணீர், நானே கழுவிய கத்தி. வெள்ளை இழை இறங்கியது. கீழ்ப் பாத்தியில், முன்பே வேறிடத்தில் காசு கொடுத்து வாங்கி நட்டு நன்றாக இருந்த செடியில் ஒன்றை வெட்டிப் போட்டேன். தண்ணீர் தெளிவாக நின்றது. சும்மா வந்த நாற்று ஒவ்வொன்றிலும் அந்த இழை இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "தீபாவளி முடியட்டும்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால், சந்தையில் நான் பேசியதை என்ன செய்வது?

நான்காம் நாள் மழை பிடித்தது. இரண்டு பகல் விடாமல் பெய்து, மேட்டுப் பாத்தித் தண்ணீர் நான்கு ஏக்கரிலும் ஓடிப் பாரிட்டை நிறைத்துக் கரை தாண்டிப் போனது. தீபாவளிக்கு நாங்கள் பறித்தது மூன்றே கூடை. அதற்குப் பத்து நாள் கழித்து, வெயில் நேரத்தில், லான் அக்காவின் கத்திரிச் செடிகள் தலை தொங்கின. மிளகாய்க்கும் கத்திரிக்கும் அந்த நோய் ஒன்றுதான்.

நாங்கள் போனபோது அவர் தனியாகச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் குனிந்தார். நானும் குனிந்தேன். பாதிக் காடு முடிந்தபோது லான் அக்கா சொன்னார்.

"நானும் உங்க மேல சந்தேகப்பட்டேன். மருந்து டின்ன பாரிட்ல கழுவறீங்கன்னு."

அண்ணன் நிமிரவில்லை. "கழுவுனேன்கா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னபடியே செய்தோம். மூன்று வருடம் மிளகாய் பக்கமே போகவில்லை. சோளம், சர்க்கரைவள்ளி, பயத்தங்காய். நாற்றை நாங்களே போட்டோம். பாரிட்டைத் திருப்பி வெட்டி, எங்கள் தண்ணீர் அவர் நிலத்தைத் தொடாதபடி செய்தோம். விற்பனையையும் ஒரே ஆளை நம்பி விடவில்லை. பெரிய பணக்காரர்களாகவில்லை, ஆனால் அண்ணன் மகள் படித்தது அந்த மண் கொடுத்த காசில்தான். யோசனை சொல்கிறவருக்கு என்ன லாபம் என்று கேட்பதை அண்ணன் நிறுத்தவில்லை. பதில் வந்தால் அதை நம்பப் பழகினார், அவ்வளவுதான்.

லான் அக்கா ஆறு மாதத்தில், அந்த மழைத் தண்ணீர் ஏறாத மேல்மூலையில் புதிதாகக் கத்திரி போட்டார். காய் பளபளவென்று வந்தது. ரெங்கம் சந்தையில் ஒருவரும் தொடவில்லை. நான் கடை கடையாகப் போய், நான் சொன்னது பொய், நோய் எங்களிடமிருந்துதான் போனது என்று சொன்னேன். தலையாட்டினார்கள். வாங்கவில்லை. ஒரு காலைப் பொழுதில் நான் பரப்பியதை மூன்று மாதம் அலைந்தும் பொறுக்கி எடுக்க முடியவில்லை.

கடைசியில் அண்ணன்தான் ஒரு வழி சொன்னார். லான் அக்காவின் கத்திரிக்காய் எங்கள் கூடையில் ஏறியது. எங்கள் கெபுன் காய் என்று ஒன்பது வருடம் விற்றேன். "உங்க கத்திரிக்கா மாதிரி வராது தங்கச்சி" என்று வாங்குகிறவர்கள் சொல்வார்கள். திரும்பி வந்து அதை அவரிடம் சொல்வேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு முட்டிவலி வந்து அவர் மூவாரில் மகள் வீட்டுக்குப் போனார். போன இடத்திலேயே காலமானார். அண்ணனும் குத்தகையை விட்டு மாசாய்க்கு வந்துவிட்டார்.

சென்ற வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் அங்கே வண்டியை நிறுத்தினேன். எங்கள் நிலமும் அவர் நிலமும் சேர்ந்து ஒரே செம்பனைக் காடு. பாரிட்டைத் தூர்த்துவிட்டார்கள். எது எங்கள் பக்கம், எது அவர் பக்கம் என்று தெரியவில்லை. கொட்டகை இருந்த இடத்தைத் தேடிப் பத்து நிமிடம் நடந்தேன், கிடைக்கவில்லை.

ரெங்கம் சந்தையும் இடம் மாறிவிட்டது. பழைய ஆட்களில் ஒரே ஒரு காய்கறிக்கடைக்காரர் மட்டும் இருந்தார். என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டார். "உங்க கெபுன் கத்திரிக்கா இப்ப எங்கங்க கெடைக்குது" என்றார்.

"அது எங்களுது இல்லீங்க. கீழ் நெலத்து லான் அக்காவோடது. அவங்க காலமாயிட்டாங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சீன அம்மாவா? தண்ணில என்னமோ கலக்குவாங்கன்னு அப்ப பேசிக்கிட்டாங்களே."

"அதச் சொன்னது நான்தான். பொய்யிங்க அது."

அவர் தலையாட்டினார். "செத்தவங்கள விட்டுக்குடுக்காமப் பேசறீங்க. நல்ல மனசு உங்களுக்கு" என்றார்.

அவர் நம்பவில்லை.