புஸ்பம் தாழ்த்திப் பாடிய பாட்டு

கதிர்காமத்தம்பி ஆரையம்பதிக்காரன், மட்டக்களப்பு வாவியில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்பவன். நாற்பத்து மூன்றாம் வயதில் அவன் கிட்டார் பழகத் தொடங்கியதும் கரையில் நின்றவர்களின் வாய்க்கு நல்ல தீனி கிடைத்தது.

“என்ன கதிர், இனி வலை தேவையில்லையா? அடிச்சுக் காட்டினா இறால் தானாத் தோணிக்குள்ள ஏறுமா?” என்றார்கள்.

“ஏறினா உங்களுக்கும் பங்கு தாறன்” என்று சொல்லி நகர்ந்தானே தவிர, காரணத்தை அவர்களிடம் அவன் சொல்லவில்லை.

காரணம் அவனுடைய மனைவி புஸ்பம். குவைத்தில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பராமரிக்கும் வேலைக்காக அவள் சென்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரிலிருந்த நாள்களில் இறால் தரம் பிரிக்கும்போதும் வலையை உலர்த்தும்போதும் அவள் பாடுவாள். ஒரே பாட்டுத்தான், பாதி தாயிடம் கேட்டது, மீதி தானே கட்டியது. வாவியோரச் சேற்றில் நிற்கும் கண்ணாமரக் கூட்டத்தைத் தாண்டித் தோணியைத் திருப்பும்போதே அவளுடைய குரல் நீரின் மேல் வந்து அவனைத் தொட்டுவிடும். அக்கரையில் வலை வீசுகிறவர்கள்கூட, “உன்ட பொஞ்சாதி கூப்பிடுறா, போடாப்பா” என்பார்கள். இப்போது அந்த மரங்களைத் தாண்டும்போதெல்லாம் அவன் தன்னையறியாமல் துடுப்பை நிறுத்தினான். காற்று மட்டும் வந்தது.

ஒரு நாள் தொலைபேசியில் அவள் சொன்னாள்: “இஞ்ச வீட்டுக்காரர்ர மகன் கிட்டார் அடிக்கிறான். நம்மட பாட்டுக்கு அது நல்லாப் பொருந்தும் போல. ஒரு தரமாவது அதோட சேந்து பாட ஆசையாக் கிடக்கு.”

“நீ வா. நான் அடிக்கிறன்” என்றான் கதிர், விளையாட்டாக.

“சித்திரைக்கு லீவு தருவாங்களாம்” என்றாள் அவள். அதன் பிறகு அது விளையாட்டாக இருக்கவில்லை. சித்திரைக்குப் பத்து மாதங்கள் இருந்தன.

காத்தான்குடியில் தொலைபேசி திருத்தும் றிஷாட் அவனுடைய நெடுநாள் நண்பன். கட்டார் நாட்டில் வேலை செய்த காலத்தில், அறையில் உடனிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் கிட்டார் பழகியவன். தன் பழைய கிட்டாரைக் கொடுத்து, அந்தப் பாட்டுக்குப் போதுமான மூன்று விரற்பிடிகளையும் அவன் காட்டிக் கொடுத்தான்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதல் மாதம் விரல் நுனிகள் எரியும். கதிருக்கு எரியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக வலைக்கயிறு இழுத்துக் காய்த்த விரல்களுக்குக் கம்பி அழுந்துவதே தெரியவில்லை. ஆகவே அவன் கயிற்றைப் பிடிப்பதுபோலவே கம்பியையும் பிடித்தான். ஒவ்வொரு பிடியும் சுருதி ஏறிப் பிசகியது. ‘கிட்டாரில் கோளாறு’ என்று அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான்.

“கிட்டார் நல்லாத்தான் இருக்கு மச்சான். நீதான் அதுட கழுத்த நெரிக்கிறாய்” என்றான் றிஷாட். “இதென்ன சுறாவா, தப்பி ஓட? லேசாத் தொடு. சத்தம் கரகரக்கும். பொறகு கொஞ்சம் கொஞ்சமா அழுத்து. கரகரப்பு நிண்ட இடத்தில நீயும் நில்லு.”

மற்றொரு பிழை அவனே அறியாமல் வளர்ந்தது. எங்கே தவறினாலும் அவன் பாட்டின் தொடக்கத்துக்கே திரும்பினான். தொடக்கம் மெருகேறிக்கொண்டே போயிற்று. மூன்றாம் அடி கோணலாகவே கிடந்தது.

“வலையில ஒரு கண் அறுந்தா முழு வலையையும் அவிழ்த்துப் பின்னுவியா?” என்று கேட்டான் றிஷாட்.

“ஆருக்கு விசர்? அந்தக் கண்ண மட்டும் முடிவன்.”

“அப்ப இதுக்கு மட்டும் ஏன் மச்சான் விசர்?”

அன்றிலிருந்து கதிர் மூன்றாம் அடியில் பிடி மாறும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டான். தொலைபேசியில் ஒரு நிமிடம் வைத்து, அதற்குள் எத்தனை முறை பிசகாமல் மாறுகிறது என்று எண்ணினான். முதல் நாள் எட்டு. இரண்டு மாதங்களில் முப்பதைத் தாண்டியது.

அடுத்ததாக, அவளுடைய குரலுடன் சேர்ந்து பழக வேண்டியிருந்தது. அழைப்பிலேயே சேர்ந்து பார்த்தார்கள். குரல் பிந்தி வந்ததால் ஒருவரையொருவர் துரத்திச் சிரித்ததுதான் மிச்சம். ஆகவே புஸ்பம் பாட்டைப் பதிவுசெய்து அனுப்பினாள். பிற்பகலில், அந்த வீட்டுக் குழந்தை உறங்கும் வேளையில், சமையலறையில் நின்று மூச்சோடு மூச்சாகப் பாடிய பதிவு அது. றிஷாட் அதைக் கேட்டு, அந்தக் குரலுக்கேற்பக் கம்பிகளின் சுருதியை இறக்கிக் கொடுத்தான். நாள்தோறும் வலையைக் கழுவிக் காயவிட்ட பின், கதிர் அந்தத் தாழ்ந்த குரலின் பக்கத்தில் அமர்ந்திருந்தான். அவள் மூச்செடுக்கும் இடங்கள்கூட அவனுடைய விரல்களுக்கு மனப்பாடமாயின.

சித்திரையில் அவள் வந்தாள். நாற்பது நாள் விடுப்பு. உறவினர்களின் கூட்டம் ஓய்ந்த மூன்றாம் நாள் மாலை, இருவரும் வாவியைப் பார்த்தபடி முற்றத்தில் அமர்ந்தார்கள். அவள் பாடினாள். அவன் ஓரிடத்திலும் பிசகாமல் இறுதிவரை வாசித்தான்.

“அம்மாடி! உண்மையாவே பழகிட்டீங்க!” என்று அவள் கண் கலங்கினாள்.

“இப்ப சத்தமாப் பாடு, புஸ்பம்.”

“சத்தமாத்தானே பாடினன்?”

அவள் பகடி பண்ணவில்லை. அவன் அவளை உற்றுப் பார்த்தான். தொலைபேசியில் ஒலித்த அதே குரல், மூச்சோடு மூச்சாக, பக்கத்து வேலியைக்கூட எட்டாத குரல். பத்து மாதங்களாக அவன் எதற்குப் பழகினானோ அது கிடைத்துவிட்டது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளாக எதற்கு ஏங்கினானோ அது இன்னும் வந்து சேரவில்லை.

அவன் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சுருதியை ஏற்றினான்.

“என்ன செய்யிறீங்க?”

“முந்தி நீ பாடுற உயரம் இதுதான், புள்ள. பாடு.”

அவள் தயங்கித் தொடங்கினாள். முதலடி உடைந்தது, இரண்டாமடியில் இருமினாள். மூன்றாமடியில், குரல் ஏற வேண்டிய அந்த இடத்தில், அது ஏறியது. கண்ணாமரங்களைத் தாண்டி வந்த அதே குரல், ஒரு கணம்.

உடனே அவளுடைய கை வாயைப் பொத்தியது. கண்கள் பதறி வீட்டின் உள்வாசலுக்கு ஓடின.

“குழந்தை எழும்பி—” என்றவள் நிறுத்திக்கொண்டாள். உள்ளே எவரும் இல்லை.

கதிர் அதே பிடியை மீண்டும் ஒருமுறை மீட்டினான். பிறகு மற்றுமொரு முறை. அடுத்த பிடிக்கு மாறாமல், அவளுடைய கை இறங்கும்வரை அந்த ஓரிடத்திலேயே காத்திருந்தான்.