கதவில் வைத்த கைநாட்டு

ஒருவனைச் சிறைக்கு அனுப்புவது நீதிபதியின் வேலை. நிபந்தனையின் பேரில் வெளியே வந்தவனைத் திரும்ப உள்ளே தள்ளலாமா என்று விசாரிப்பது என் போன்ற பாவிகளின் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இந்த அவஸ்தை தெரியும்.

மலாக்காவில் எனக்கு வாய்த்தவன் காளியப்பன். டயர் திருட்டில் சிக்கி, மீதித் தண்டனை இரண்டு வருடம் இருக்கும்போது வெளியே வந்து, காஜா பேராங் வட்டாரத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்தான். சனிக்கிழமைதோறும் எங்கள் ஆபீசில் கைநாட்டு வைக்க வேண்டும். பழைய கூட்டாளியோடு சேரக் கூடாது. தவறினால் அந்த இரண்டு வருடமும் உள்ளே. வீட்டிலோ மனைவி வாயும் வயிறுமாக இருந்தாள்.

கூட்டாளி சகவாசம்

கூட்டாளி ராஜுவோடு வாராவாரம் காணப்படுகிறான் என்று புகார் வந்தது. "எங்கே பார்த்தே அவனை?" என்று காளியப்பனை அதட்டினேன். எங்கள் ஆபீஸ் வராந்தா பெஞ்சைக் காட்டினான். ராஜுவும் நிபந்தனையில் வந்தவன். இரண்டு பேருக்கும் சனிக்கிழமை பத்து மணி என்று எழுதிக் கொடுத்த புண்ணியவான் நானேதான்!

"நான் தள்ளித்தான் உக்காந்தேன் ஐயா. பெஞ்சு ஒண்ணுதானே இருக்கு?"

வராத சனிக்கிழமை

ராஜுவைத் திங்களுக்கு மாற்றினேன். அடுத்த வம்பு மெர்டேக்கா என்ற சுதந்திர தின உருவில் வந்தது. அது சனிக்கிழமை, ஆபீசுக்குப் பூட்டு. விடுமுறை என்றால் முதல் நாளே கைநாட்டு வைக்க வேண்டும் என்று நிபந்தனைத் தாளில் இருந்தது. அவனுக்கோ படிக்கத் தெரியாது. எங்கள் குமாஸ்தா கிராணி பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுத, நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

விசாரணையன்று அவன் மனைவி வாசலில் நின்று அழுதாள். கிராணி மட்டும் விடவில்லை. "கொண்டாட்டத்துல மறந்திருப்பான் சார்" என்றார்.

காளியப்பன் கும்பிட்டான். "வந்தேன் ஐயா. பூட்டியிருந்துச்சு. அதான் கதவுலயே வச்சிட்டுப் போனேன்."

பியூனின் சோம்பல்

எல்லோரும் எழுந்து ஓடினோம். கதவில், பூட்டுக்கு மேலே, சைக்கிள் கிரீஸில் ஒரு கட்டைவிரல் ரேகை! யாரோ பொடியன் வேலை என்று, அதைத் துடைக்கச் சொல்லி பியூனிடம் ஒரு வாரமாகக் கத்தியிருந்தேன். நல்லவேளை, அந்தச் சோம்பேறி தொடவே இல்லை. கிராணி பதிவேட்டைத் தூக்கி வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். "அவன்தான் சார்" என்றார், அரை மனதோடு.

"வீட்டுக்குப் போ" என்றேன். அவன் திரும்பும்போது கேட்டேன்: "மெர்டேக்கா அன்னைக்கு ஊரே பாடாங் மைதானத்துல ஆடிக்கிட்டிருந்துச்சு. உனக்குப் போகணும்னு தோணலையா?"

"அங்க ஆயிரம் பேரு இருந்தாங்க ஐயா. இந்தக் கதவுக்கு நான் ஒருத்தன்தானே வரணும்!"

எத்தனையோ பேரைத் திரும்ப உள்ளே அனுப்பிய கைதான் இது என்றாலும், அன்று மத்தியானம் சோறு ஒரு கவளம் கூடுதலாகவே இறங்கியது.