நைனாவின் பாட்டுப் பெட்டி

கல்மண்டபத்து வீட்டில் நைனாவின் பாட்டுப் பெட்டி நின்றுபோனதும் அம்மா எனக்குத்தான் போன் செய்தாள். திருவொற்றியூரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன். பிறந்த வீட்டில் எது கெட்டாலும் என் தலையில்தான் விடியும்.

"பொட்டி பாட மாட்டேங்குது. நான்தான் கெட்த்துட்டேன்னு உங்க நைனா சோத்துத் தட்டைத் தூக்கி அடிக்கிறாரு. நீ வந்து பாத்து சொல்லு, அப்பத்தான் நம்புவாரு."

ஹார்பரில் மூட்டை தூக்கியவர் நைனா. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கையும் கோபமும் மட்டும் மிச்சம். கட்டிலே கதியாகக் கிடப்பவருக்குப் பொழுது போகட்டும் என்று, உள்ளங்கை அளவில் அந்தப் பெட்டியை நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். மெமரி கார்டு நிறைய பழைய பாட்டு. காலையில் ஆரம்பித்தால் அவர் தூங்கும்வரை முழுச் சத்தத்தில் ஓடும். அவருக்கு மிஞ்சிய சுகம் அது ஒன்றுதான்.

போனதும் பெட்டியை என் கையில் திணித்தார். அம்மாவை நோக்கி விரலை நீட்டினார். இவள் வேலைதான் என்று அர்த்தம்.

பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, சின்னத் திரையில் பாட்டு எண் மாறியது, சத்தம் மட்டும் இல்லை. கார்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன். அப்போதும் இல்லை. பின்மூடியைத் திறந்து ஸ்பீக்கர் ஒயரில் ஒரு பென்சில் பேட்டரியை உரசிப் பார்த்தேன். கரகரத்தது. ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் சத்தம் எங்கே போகிறது? இயர்போன் ஓட்டைக்குள் டார்ச் அடித்தபோது ஏதோ மின்னியது. முறிந்துபோன இயர்போன் முனை. அது உள்ளே இருக்கும்வரை, இயர்போன் மாட்டியிருக்கிறது என்று பெட்டி ஸ்பீக்கரை நிறுத்திவிடும்.

நைனா இயர்போனைத் தொடுவதே இல்லை. வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, அம்மாவின் செல்போனோடு வந்தது. அது அடுப்படி ஆணியில் முனை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுந்து உட்காரக்கூட முடியாத மனிதரிடம் இப்படியா பழி தீர்த்துக்கொள்வது? பின்பக்கமிருந்து ஊசியால் நெம்பினேன். துண்டு தரையில் விழுந்தது. பெட்டி முழுச் சத்தத்தில் பாடியது.

அடுப்படியில் கரண்டி விழுந்தது. எட்டிப் பார்த்தேன். அம்மா சுவரோரம் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள்.

மறந்துபோயிருந்தேன் என்று சொன்னால் பொய். நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். எங்கள் சந்தில் பெண்டாட்டியை அடிக்கப் போகிறவன் முதலில் பாட்டைச் சத்தமாக வைப்பான். அலறல் வெளியே கேட்கக் கூடாதாம். எல்லா வீட்டிலும் அதே வழக்கம் என்பதால், பாட்டு ஏறினாலே சந்துக்கு விஷயம் தெரிந்துவிடும். "இன்னிக்கு அங்க கச்சேரி களை கட்டுது" என்று சிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அடிக்கடி கச்சேரி. அன்று டேப் ரெக்கார்டரில் ஓடியதும் இதே பாட்டுகள்தான். தேடித் தேடி அவற்றைக் கார்டில் ஏற்றிய புத்திசாலி நான்.

நைனாவைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் நல்ல பக்கம் சிரித்தது. இடது கட்டைவிரலை மேலே மேலே ஆட்டினார். இன்னும் ஏற்று என்கிறார்.

கீழே கிடந்த துண்டை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே இருந்த இடத்தில் திணித்தேன். பாட்டு நின்றது. அவர் சிரிப்பும் நின்றது.

அம்மா எழுந்து வந்தாள். "இன்னாடி, ஆவுமா?" என்று அவருக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டாள்.

"ஆவாதும்மா. உள்ள பூரா பூட்ச்சு. இனிமே இது பாடாது."

"கேட்டுக்கினியா? உன் பொண்ணே சொல்லிட்டா."

அவர் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. கண்ணில் நீர் வழிந்தது. எனக்குப் பாவமாக இல்லை.

அம்மா இன்றும் பெட்டிக்குத் தவறாமல் சார்ஜ் போடுகிறாள். காலையில் பொத்தானை அழுத்தி அவர் நெஞ்சின்மேல் வைக்கிறாள். திரையில் பாட்டு எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறார். அம்மா நிதானமாக மீன் கழுவுகிறாள்.