நடக்கச் சொன்ன வைத்தியம்

அறுபதுகளின் கடைசியில், கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்கள் குடித்தனம் செய்த சமயம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் குனிந்த என் கணவரால் நிமிர முடியவில்லை. நடுமுதுகில் சின்னதாக ஒரு புடைப்பு. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே முதுகெலும்பில் டி.பி. என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இந்த நோய்க்கு எது நல்ல வைத்தியம் என்று அங்கே ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சிலருக்கு ஆபரேஷன், சிலருக்கு மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கை, சிலருக்கு வெறும் மாத்திரை. எங்களுக்கு வாய்த்தது மாத்திரை. வீட்டுக்குப் போய் வழக்கம்போல நடமாடலாம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் விழுப்புரத்துக்காரர் ஒருவர் ஆபரேஷன் முடிந்து அசையாமல் கிடந்தார். அவருக்கே அப்படி என்றால் இவரை எந்த தைரியத்தில் நடக்கவிடுவது? ஏழைகள்தானே என்று தட்டிக்கழித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

ஊருக்கு வந்ததும் பலகையில் பாய் விரித்து அவரைப் படுக்கவைத்தேன். மாத்திரை மட்டும் தவறாமல் கொடுத்தேன். மற்றபடி சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்த இடத்தில்தான். வலி குறைந்துவிட்டது, கொஞ்சம் எழுந்துகொள்கிறேனே என்று கெஞ்சுவார். விடமாட்டேன். அவர் புரண்டு படுத்தாலே ஓடிப்போய் முதுகைத் தாங்கிக்கொள்வேன்.

ஒருநாள் வாசலில் ஜீப் வந்து நின்றது. மாத்திரை சாப்பிடுகிறவர்களை ஊர் ஊராகப் போய்ப் பார்க்கும் டாக்டர். என் கணவர் படுத்திருப்பதைப் பார்த்ததும், கால் மரத்துப்போகிறதா என்று பதறிக் கேட்டார். அதெல்லாம் இல்லை, நான்தான் படுக்கவைத்திருக்கிறேன் என்றேன். அடக்கிவைத்த ஆத்திரமெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஆபரேசன் பண்ணிக்கினவரே படுத்துக்கினு இருக்காரு. ஒண்ணுமே பண்ணாத இவர நடக்கச் சொல்றீங்க. முதுகு ஒடிஞ்சிபோனா நான் எங்க போவேங்க?”

டாக்டர் கோபப்படவில்லை. பலகை ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மாத்திரை நல்லா வேலை செய்யுது. நடந்தவங்க பல பேரு நல்லாத்தான் இருக்காங்க. ஆனா இவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாதும்மா. எல்லாம் தெரிஞ்சிருந்தா நாங்க எதுக்கு ஊர் ஊரா வந்து பாத்துக்கினு இருக்கோம்?”

அதுவரை எத்தனையோ பேர் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். ஒருவர் பேச்சும் மனசில் ஏறவில்லை. இந்த மனுஷர் பொய் சொல்லமாட்டார் என்று அப்போதுதான் பட்டது. நானே கைகொடுத்து என் கணவரை எழுப்பினேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பிறகு சுவரை விட்டார். விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டியபடி பின்னாலேயே போனேன். தற்செயலாகப் பக்கத்தில் திரும்பினால், டாக்டரும் அதேபோல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார்.

என் கணவர் தேறி, மறுபடி ஏர் பிடித்தார். ஆஸ்பத்திரி என்றால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். ஆனால் வைத்தியம் பார்க்கிறவருக்கும் உள்ளே அதே பயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டால்தான், தைரியமாக அந்தப் படியேற முடிகிறது.