ஃபில்டருக்குச் சந்தனக் காப்பு

மூச்சு விடவேண்டிய மூக்கில் சந்தனத்தை அப்பிவிட்டு, ‘ஏன் மூச்சு முட்டுது?’ என்று நடுரோட்டில் நின்று யோசித்த அறிவாளி நான். நல்லவேளை, மூக்கு என்னுடையது இல்லை. என் பிக்கப் வண்டியுடையது.

போன ஆவணியில் நடந்தது. நாங்கள் இருப்பது மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடி. என் மனைவி கல்யாண மாலை கட்டுகிறாள். நான் அதை மண்டபங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் அவள் முதலாளி, நான் டிரைவர்.

எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று போனால் வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்று செல்போன் வீடியோவில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் நம் மெக்கானிக்கிடம் போனேன். எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டி அனுப்பும் குழாயில் அவர் இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்றில், ஃபில்டர் கறுப்பு டப்பாவுக்குள் அடக்கமாக இருந்தது. இன்னொன்றில், பளபளக்கும் குழாயின் முனையில் செக்கச்செவேலென்று கூம்பு மாதிரி திறந்தபடி நின்றது.

“அண்ணே, நம்ம ஊரு புழுதிக்கு டப்பா வச்சதுதேன் சரி. செவப்பு, எஞ்சின் சூட்டையே திருப்பி இழுக்கும்” என்றார் மெக்கானிக்.

“டப்பாவையே மாட்டுங்கண்ணே” என்றாள் மனைவி.

“பானட்டத் தெறந்தா நாலு பேரு பாக்க வேணாமா?” என்றேன் நான்.

“பானட்டு தெறந்து கெடந்தா வண்டி படுத்துருச்சுன்னு அர்த்தம். அத எதுக்கு நாலு பேரு பாக்கணும்?”

நியாயமான கேள்வி. நான் சிவப்பை வாங்கினேன்.

புதுசாக ஒன்று வந்தால் பொட்டு வைக்காமல் இருக்க முடியுமா? எங்கள் வீட்டில் மிக்ஸியே பொட்டோடுதான் அரைக்கிறது. மறுநாள் ஒரு முகூர்த்தம். அதற்குள் பூஜையை முடித்துவிடலாம் என்று சாயங்காலம் பானட்டைத் திறந்தேன். ஒரு பொட்டோடு நிறுத்தியிருக்கலாம். பக்தி பெருகிவிட்டது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கூம்பு முழுக்க ஓர் இடைவெளி விடாமல் காப்புச் சாத்தினேன். மேலே குங்குமம். சுற்றிலும் மல்லிகை. மனைவி மாலை கட்டும் மும்முரத்தில் இருந்ததால் என் கைவண்ணத்தைப் பார்க்கவில்லை.

விடிந்ததும் கிளம்பினோம். மண்டபம் மாட்டுத்தாவணிப் பக்கம். மாலைகளைக் கீழே வைத்தால் நசுங்கும் என்று வண்டிக்குள் மூங்கில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். புதுமாப்பிள்ளைக்கும் பொண்ணுக்குமான ரோஜா மாலைகள் தனியாக ஆடிக்கொண்டு வந்தன. தெருவைத் தாண்டும்போதே வண்டி மந்தமாகத்தான் இருந்தது. புது சாமான் பழக நாளாகும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஆரப்பாளையத்துக்கு முந்தின மேம்பாலத்தில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் கரும்புகை கக்கி, இரண்டு இருமல் இருமி, வண்டி நின்றே போனது.

பானட்டைத் திறந்தேன். சந்தனம் காய்ந்து, சுவருக்குப் பூசிய சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

“இதுக்கு ஏன் இம்புட்டு அலங்காரம்? இதையே மணவறையில உக்கார வச்சிருவமா?”

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. மாலை போய்ச் சேராவிட்டால் அங்கே ஒரு கல்யாணம் நின்று தவிக்கும். அவளை நம்பி இனி யாரும் மாலை சொல்ல மாட்டார்கள். சாவியால் சந்தனத்தைச் சுரண்டினேன். மடிப்புகளுக்குள் இன்னும் ஆழமாகப் போனது.

அப்போது மாட்டுத்தாவணி போகும் டவுன் பஸ் வந்தது. மனைவி ரோட்டின் நடுவில் நின்று கையை நீட்டினாள். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்ட வாயெடுத்தவர், மாலைகளைப் பார்த்ததும், “சீக்கிரம் ஏத்துங்கக்கா” என்றார்.

நான் எடுத்துக் கொடுக்க, பஸ்ஸுக்குள் கைமாறிக் கைமாறிப் போயின மாலைகள். ஆட்கள் பிடித்து நிற்கும் கம்பியில் வரிசையாகத் தொங்கின. நின்றவர்கள் தாங்கள் பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு, ஆடாமல் மாலையைப் பிடித்துக்கொண்டார்கள். சித்தாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா ரோஜா மாலைகளை வாங்கிப் பச்சைப் பிள்ளை மாதிரி மடியில் ஏந்திக்கொண்டார். ஆபீஸ் போகும் ஒருவரின் சலவைச் சட்டையில் தண்ணீர் சொட்டியது. அவர் சிரித்தார்.

“மெதுவா ஓட்டுண்ணே, மாப்ள வீட்டுக்காரங்க வாராங்க!” என்று கண்டக்டர் விசில் கொடுத்தார்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மனைவி போய்விட்டாள்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். வயிறு வலிக்கச் சிரித்து முடித்துவிட்டு, “ஃபில்டரக் கழட்டி வச்சுட்டு உருட்டிக்கிட்டே வாண்ணே” என்றார். கழற்றியதும் வண்டி கிளம்பியது. ஒருவழியாக மண்டபம் சேர்ந்தபோது மணமக்கள் கழுத்தில் மாலை இருந்தது. பந்தியில் மனைவி சாப்பிடாமல், பக்கத்து இலையில் கை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். எதிரே இருந்த அம்மாவிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அந்த வரிசையே சிரித்தது. வெட்கம் எதற்கு, கேட்டு வாங்கி இரண்டு முறை பாயசம் குடித்தேன்.

இப்போது வண்டியில் கறுப்பு டப்பா. யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூடக் கேட்காமல் எங்கள் மானத்தைக் கைகளில் ஏந்திப்போன அந்த பஸ்காரர்களை நினைத்தால், முன்பின் தெரியாத யாரைப் பார்த்தாலும் இன்று சொந்தக்காரர் மாதிரிதான் தோன்றுகிறது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் என்னை அரித்துக்கொண்டிருந்தது. போன வாரம் லோடு ஏற்றும்போது மனைவியிடம் கேட்டேவிட்டேன்.

“உண்மையச் சொல்லு. அன்னைக்கு என்னப் பாலத்துல விட்டுட்டுப் போகும்போது கொஞ்சமாச்சும் கவலையா இருந்துச்சா?”

“மாலை வாடிருமோன்னு இருந்துச்சு.”