தண்ணீர் இல்லாத இடத்தில் சுழியோடி வருத்தம்

சரியாகச் சொன்ன ஒருவரைப் பலர் முன்னால் நான் சிரித்து மடக்கினேன். அது முதல் பிழை. அறியாமை என்று சொல்லி அதிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் எட்டு நாள் கழித்து, அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரிய வந்தது. தெரிந்தும் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. நான் ஒப்புக்கொள்ள வந்தது இந்த இரண்டாவதை.

போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கற்பிட்டிப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து, ஓய்வூதியமும் எடுத்து, திரும்பிப் போக மனமில்லாமல் மாம்புரியில் தங்கிவிட்டவன் நான். ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு வேறு குறை இருக்காது. கேட்பதற்கு ஆள் இராது, அவ்வளவுதான். எனக்கு அந்தக் குறை சிலிண்டர் கொட்டிலில் தீர்ந்தது.

எங்கள் கரையில் சங்கும் கடலட்டையும் எடுக்கச் சுழியோடுபவர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். ஜும்ஆ தொழுது, சோறு தின்று, மறுநாளுக்கான சிலிண்டர்களை நிரப்பக் கொட்டிலுக்குக் கொண்டு வருவார்கள். நிரம்பும் வரை பொழுது போகட்டும் என்று கொட்டில்காரர் சுவரில் பெரிய தொலைக்காட்சி ஒன்றை மாட்டியிருந்தார். ஆனால் காற்றை அமுக்கி ஏற்றும் கொம்பிரசரின் இரைச்சலில் ஒரு வசனமும் காதில் விழாது. கதாநாயகி அழுகிற படம் அங்கே எடுபடவில்லை. கப்பல்கள் பறந்து வெடிக்கிற விண்வெளிப் படங்கள்தான் எடுபட்டன. கதையையும் அதற்குள் இருக்கும் விஞ்ஞானத்தையும் இரைச்சலுக்கு மேலால் கத்திச் சொல்வது என் வேலை ஆயிற்று. வேலையென்ன, எனக்கு அது பெருநாள்.

“சேர், அங்க காத்தே இல்ல எண்டா, கப்பல் வெடிக்கிற சத்தம் எப்பிடிக் கேக்குது?” என்று ஒருவன் கேட்டான்.

“கேக்காது. படம் எடுத்தவன் போட்ட சத்தம் அது.”

“அப்ப இந்தக் கொம்பிரசரக் கொண்டுபோய் அங்க வெச்சாக் காதுக்கு நிம்மதி” என்றார் கொட்டில்காரர்.

“காத்தில்லாத எடத்துல என்னத்த நிரப்பப் போறீங்க முதலாளி?” என்று அவன் திருப்பிக் கேட்டான்.

விண்கற்கள் படத்தில் வருவது போல முட்டி மோதிக்கொண்டு இருப்பதில்லை என்றேன். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் எங்கள் தீவையே பல முறை போடலாம். வீரர்கள் மிதப்பது அங்கே புவியீர்ப்பு இல்லாததால் அல்ல என்றேன். கயிறறுந்து கிணற்றில் விழும் வாளிக்குள் ஒரு தவளை இருந்தால், விழுந்து முடியும் வரை அது வாளிக்குள் மிதக்கும். பூமியைச் சுற்றும் கப்பல் முடிவில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும் வாளி. தவளை அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்குத் தலை கொஞ்சம் பெருத்தும்விட்டது.

அங்கே வருபவர்களில் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். எல்லாரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே அழைப்பார்கள். வலது காலை இழுத்து நடப்பார். ஒரு காலத்தில் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததால் வந்த நோய் அது; சுழியோடி வருத்தம் என்பார்கள். அதன் பிறகு அவர் இறங்குவதில்லை, படகை ஓட்டுவார். இறங்குபவர்கள் அவருடைய தம்பியும் இன்னும் மூன்று பேரும். படகின் நங்கூரக் கயிற்றில், நீர்மட்டத்துக்கு மூன்று பாகம், அதாவது பதினெட்டு அடி, கீழே, நானா ஒரு பெரிய முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். மேலே வருகிற எவரும் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நானா தண்ணீருக்குள் ஓர் இரும்புக் குழாயை விட்டு ஸ்பேனரால் தட்டிய பிறகுதான் தலையை வெளியே காட்டலாம். காரணம் கேட்டால் காலைக் காட்டுவார். அந்தப் படகில் அவர் சொல்லுக்கு மறுசொல் இருக்கவில்லை.

அன்றைய படத்தில் கப்பலுக்கு வெளியே ஏதோ உடைந்துவிட்டது. கதாநாயகன் ஓடிவந்து, விண்வெளி உடுப்பை மாட்டி, கதவைத் திறந்து வெளியே பாய்ந்து, கையுறை விரலை மடக்கி ஓர் ஆணியைக் கழற்றத் தொடங்கினான். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். நானா வகுப்பில் உயர்த்துவது போலக் கையை உயர்த்தினார்.

“சேர், இவன் இப்பிடி ஒடனே வெளிய போகேலாது. எனக்கு வந்த சுழியோடி வருத்தம் இவனுக்கும் வரும். அந்த உடுப்புக்குள்ள...”

நான் முடிக்க விடவில்லை. “தண்ணியே இல்லாத இடத்தில சுழியோடி வருத்தம் எப்பிடி வரும்? அப்ப பாலைவனத்தில போற ஒட்டகத்துக்கும் வருமே?”

கொட்டில் அதிர்ந்தது. நானும் சிரித்தேன், எல்லாரையும் விடச் சத்தமாக.

“நானா, ஒட்டகத்துக்கு எங்கின முடிச்சுக் கட்டுவீங்க?” என்று ஒருவன் கேட்டான். நானாவின் தம்பிதான்.

நானாவும் சிரித்தார். அடுத்த நாள் தேநீர்க்கடையில் அவருக்குப் பெயர் ‘ரொக்கெட் நானா’ ஆகியிருந்தது.

எட்டாம் நாள், அடுத்த படத்துக்கு ஆயத்தமாக மகளின் கணினியில் விண்வெளி உடுப்புகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். கப்பலுக்குள் இருப்பது நம் ஊர்க் காற்றின் அழுத்தம். உடுப்புக்குள் வைப்பதோ அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. ஆகவே உடுப்புக்குள் போவது, ஆழத்திலிருந்து மேலே வருவதற்குச் சமம். இரத்தத்தில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழிக்கத் தொடங்கும். அதைத் தடுக்க, வெளியே போகிறவர்கள் முன்கூட்டியே மணிக்கணக்காகத் தூய ஒட்சிசனைச் சுவாசித்து நைதரசனைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். அந்த நோய்க்குப் போட்டிருந்த பெயர், சுழியோடிகளுக்கு வரும் நோயின் பெயரேதான்.

கணினியை மூடினேன். முப்பது வருடம் மற்றவர்களின் பிழையைத் திருத்தியவன். வெள்ளிக்கிழமை எழுந்து ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, எவரும் விண்வெளி உடுப்பைப் போடாத படங்களாகப் பார்த்துச் சிபாரிசு செய்தேன். வேற்றுக்கிரகத்து மிருகங்கள் நகரத்தை அழிக்கும் படங்கள் நிறையப் பார்த்தோம்.

இதற்கிடையில் படகில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை; தெரிந்துகொள்ள முயலவுமில்லை. நானா தட்டுமுன்னே அவர்கள் மேலே வரத் தொடங்கியிருந்தார்கள். முதலில் சற்று முன்னால், பிறகு முடிச்சில் நிற்காமலே. ஏசினால், “ஒட்டகம் வந்துட்டுது நானா” என்பார்களாம். ஒரு நாள் காலை தம்பி அப்படி நேரே மேலே வந்தான். கரைக்கு வந்து சேருமுன் அவனுக்குத் தோள் கடுத்து, இரண்டு கையும் மரத்துப்போய், எழுந்து நிற்க முடியவில்லை. அழுத்த அறை உள்ள தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கே அவனை அறைக்குள் வைத்து, மறுபடி ஆழத்துக்குப் போனது போல அழுத்தி, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைத்தார்கள். இரண்டு கிழமையில் நடந்து வீட்டுக்கு வந்தான். இறைவன் இரங்கினான், நான் செய்தது ஒன்றுமில்லை.

அவன் வந்த மறுநாள் நானாவின் வீட்டுக்குப் போனேன். கதிரையைத் தந்தார்கள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். நானாவின் மனைவி தேநீர்க் கோப்பையோடு நின்றார்.

“எட்டு நாளையிலேயே தெரிஞ்சிட்டா ஒங்களுக்கு?”

“ஓம்.”

அவர் கோப்பையை வைத்தார். “படிச்ச ஆக்கள்ட சிரிப்பு எங்கட சிரிப்பு மாதிரி இல்ல சேர். அத சனம் நம்பும்.”

நான் நானாவின் பக்கம் திரும்பினேன்.

நானா வேறொன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். “சேர், அப்ப நான் நெனச்சது சரியா? வெளிய காத்தில்ல. எங்கட காத்த அப்பிடியே உள்ளுக்கு வெச்சா உடுப்பு லொறி டயர் போல வெறச்சிடும். அவன் வெரல மடக்கி ஆணி கழட்டுறான். அப்ப உள்ளுக்குக் காத்துக் கொறவு. காத்துக் கொறஞ்சா மேல வந்த மாதிரித்தானே?”

உடுப்பில் ஏன் அழுத்தத்தைக் குறைக்கிறார்கள் என்பதற்கு நான் வாசித்த காரணமும் அதுவே. நான் கணினியில் வாசித்து அறிந்ததை அவர் ஒரு விரலைப் பார்த்து அறிந்திருந்தார்.

“சரிதான். நூற்றுக்கு நூறு” என்றேன். “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“எனக்கு மன்னிப்பு வேணாம். அவனுகள் முடிச்சுல நிக்கணும். ஒங்கட வாயால போனது, ஒங்கட வாயாலயே வரட்டும்.”

வெள்ளிக்கிழமை கொட்டிலுக்குப் போய்க் கொம்பிரசரை நிறுத்தச் சொன்னேன். அப்படியோர் அமைதி அங்கே வந்ததே கிடையாது. கரண்ட் போய்விட்டதா என்று தெருவிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னேன்: நானா சொன்னது சரி, நான் சிரித்தது பிழை, தெரிந்தும் மறைத்தது அதைவிடப் பிழை.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், “அப்ப ஒட்டகத்துக்கு சேர்?”

“ஒட்டகத்துக்கு வராது. அதில மாற்றமில்லை.”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் மேல் விழுந்தது. விழட்டும் என்று நின்றேன். பிறகு வெயிலில் வைத்திருந்த இரண்டு ஒரேஞ் சோடாப் போத்தல்களை எடுத்துக் குலுக்கினேன். முதலாவதை ஒரே திருகில் திறந்தேன். என் சட்டை, கொட்டில்காரரின் தொலைக்காட்சி, முன்வரிசை எல்லாம் நனைந்தன. இரண்டாவதை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். உஸ்ஸென்று காற்று மட்டும் போனது. ஒரு துளி சிந்தவில்லை.

“உங்கட ரத்தமும் இப்பிடித்தான்” என்றேன்.

மடியில் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்த தம்பி கேட்டான்: “என்ட ரத்தம் ஒரேஞ்சா சேர்?”

அடுத்த கிழமை நானாவிடம் நிலைமை விசாரித்தேன். “நிக்கிறானுகள். மறியல் கூட்டுக்குள்ள நிக்கிற மாதிரி நிக்கிறானுகள்” என்றார். பயத்தில் நிற்பவன் பயம் தெளிந்ததும் நிற்க மாட்டான் என்பது ஆசிரியனுக்குத் தெரியும். இன்னும் ஏதாவது வேண்டும் என்று தேடியபோது அகப்பட்டது இது: விண்வெளிக்குப் போகிறவர்கள் கப்பலுக்கு வெளியே வேலை செய்யப் பழகுவது பெரிய நீர்த்தொட்டிகளில். அமிழாமலும் மிதக்காமலும் இருக்கும்படி உடுப்பில் எடை கட்டித் தண்ணீருக்குள் விடுவார்கள். பக்கத்திலேயே சுழியோடிகள் காவலுக்கு நிற்பார்கள்.

இதைச் சொன்னபோது கொட்டிலில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“அப்ப அவனுகளப் பாத்துக்கொள்றது நம்மட ஆக்களா?”

“ஓம். உங்கட ஆக்கள்தான்.”

“நாங்க முடிச்சுல நிக்கக்குள்ளயும் அப்பிடித்தான் சேர். அமிழவுமில்ல, மிதக்கவுமில்ல.”

“அப்ப நீங்களும் பயிற்சியிலதான் நிக்கிறீங்கள்.”

அதன் பிறகு நடந்தது என் திட்டத்தில் இல்லாதது. முடிச்சில் நிற்கும் நேரத்தை அவர்கள் விண்வெளி நடையாக்கிவிட்டார்கள். ஒருவன் காலை மேலே தூக்கித் தலைகீழாகத் தொங்குவான். மற்றவன் இல்லாத ஆணியை மெதுவாகக் கழற்றுவான். யாருடைய நடை திறம் என்று கரைக்கு வந்து சண்டை. பக்கத்துப் படகுக்காரர்களும் தங்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டு, அளவு சரியா என்று பார்க்க ரொக்கெட் நானாவைத்தான் கூப்பிட்டார்கள். பெயர் மாறவில்லை, ஆனால் அதைச் சொல்லும்போது இப்போது எவரும் கண் சிமிட்டுவதில்லை.

வைத்தியர் சம்மதித்து, தம்பி மீண்டும் கடலில் இறங்கத் தொடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை நானா என்னையும் படகில் ஏற்றினார். முப்பது வருடம் கரும்பலகையில் அலை வரைந்தவன் அன்றுதான் அதன் மேல் உட்கார்ந்தேன். காலையில் தின்ற பாணும் சம்பலும் கடலுக்கே போயின. நானா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

நேரம் ஆனதும் குழாயைத் தண்ணீருக்குள் விட்டு ஸ்பேனரால் தட்டினார். ஒருவரும் மேலே வரவில்லை. இன்னொரு முறை தட்டினார். குனிந்து பார்த்தோம். தெளிந்த நீருக்குள், தம்பி ஒற்றைக் கையால் முடிச்சைப் பிடித்து, மற்றக் கையை நீட்டி, எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு கப்பலை மிக மெதுவாகத் திருத்திக்கொண்டிருந்தான்.

“பாருங்க சேர்” என்றார் நானா. “முந்தி நில்லு நில்லு எண்டு கத்தினன். இப்ப மேல வா மேல வா எண்டு கத்த வேண்டி இரிக்கி.”

ஏசிக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முகம் ஏசவில்லை. குழாயை நான் பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டு கையாலும் ஸ்பேனரை ஓங்கி, இன்னும் பலமாகத் தட்டினார்.