அப்பாவுக்குப் போட்ட மணை

வீடு வீடாகப் போய், பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து அறிவியல் செய்து பார்க்க உதவுவது என் வேலை. இதில் விடை தெரிந்தவன் பாடுதான் திண்டாட்டம், ஏனென்றால் அதைச் சொல்லக் கூடாது. அவர்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தெரிந்ததைச் சொல்ல முடியாமல் எச்சில் விழுங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் கதையையும் கேளுங்கள்.

பால் வாங்கப் போனவர்

சேரன்மகாதேவியில் ஒரு வீடு. கணேசன் அண்ணாச்சிக்குப் பாளையங்கோட்டையில் எழுத்தர் வேலை. மகள் பூரணி மூன்றாம் வகுப்பு. முதல் சனிக்கிழமை நான் பையைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்ததுதான் தாமதம், அண்ணாச்சி, "பால் வாங்கிட்டு வந்துருதேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரமாகியும் ஆளைக் காணோம். எந்த ஊர் மாட்டைத் தேடிப் போனாரோ!

பூரணி தான் உட்கார ஒரு மணையும் பக்கத்தில் இன்னொரு மணையும் போட்டிருந்தாள். சும்மாதானே கிடக்கிறது என்று நான் அதில் உட்காரப் போனேன்.

"அது அப்பாவுக்கு. ஒங்களுக்குத்தான் பாய் விரிச்சிருக்குல்லா?"

ஒரு வார இட்லி

அன்றைக்குப் பூரணியும் நானும் இரண்டு பாட்டில்களில் பாதிப் பாதி இட்லி போட்டோம். ஒன்று சோப்புப் போட்டுக் கழுவிய கையால் தொட்டது, மற்றது மண்ணில் விளையாடிய கையால் தொட்டது. மூடி வைத்து ஒரு வாரம் பார்க்க வேண்டும். வியாழக்கிழமையே ஒன்றில் பச்சையாக முடி முளைத்துவிட்டது என்று பூரணி வகுப்பு முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை நான் போனபோது இரண்டு பாட்டில்களும் பளபளவென்று கழுவிக் கவிழ்த்திருந்தன. பக்கத்தில் ஆவி பறக்க நாலு இட்லி, சட்னியோடு. பூரணியின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அவள் அம்மா என்னைத்தான் கேட்டார்.

"வீட்டுக்கு ஒரு ஆளு வரும்போது பூசணம் பிடிச்ச இட்லியவா வைக்கச் சொல்லுதிய, தம்பி?"

தரை குடித்த தண்ணீர்

அன்றைக்கும் அண்ணாச்சி பால் வாங்கப் போயிருந்தார். காப்பியை நீட்டிக்கொண்டே பூரணியின் அம்மா குரலைத் தாழ்த்தினார். வயல் பாதையில் தேங்கிய மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று பூரணி ஒருநாள் கேட்டிருக்கிறாள். "தரை குடிச்சிரும்" என்று அப்பா சொல்ல, அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, வகுப்பே சிரித்திருக்கிறது. அழுதுகொண்டே வந்த பிள்ளையைப் பார்த்ததிலிருந்து மனிதர் இப்படித்தான்.

"பத்தாவதுல அறிவியல்ல பெயிலானவுக, தம்பி. இவ என்ன கேட்டுருவாளோன்னு ஓடுதாவ. இவளும் அந்த மணைய எடுக்க மாட்டேங்கா."

செம்புத் தண்ணீர்

அடுத்த வாரம் சற்று முன்னதாகவே போய் அண்ணாச்சியை வாசலில் மறித்தேன். "அண்ணாச்சி, நீங்க சொன்னதையே இன்னைக்குச் செஞ்சு பாப்போம்" என்றேன். "எதுக்கு வே, இன்னொரு மட்டம் சிரிக்கதுக்கா?" என்றார். அதற்குள் பூரணி செம்போடு வந்துவிட்டாள். வாசல் மண்ணில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி எண்ணினாள். இருபது எண்ணுவதற்குள் தண்ணீர் இல்லை. "அப்பா சொன்னது நெசந்தான்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். அண்ணாச்சி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

இன்னொரு தம்ளரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி, தண்ணீர் நின்ற விளிம்பில் பேனாவால் கோடு போட்டு வெயிலில் வைத்தோம். மத்தியானத்துக்குள் தண்ணீர் கோட்டை விட்டு உள்ளே போய்விட்டது. "தட்டு குடிக்காதுல்லா, அப்ப இது எங்கப்பா போச்சு?" என்றாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். விடை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. காலியான காப்பித் தம்ளரை ஊதி ஊதிக் குடித்தேன். அவர் பைய அந்த மணையில் உட்கார்ந்தார்.

"தெரியலட்டி. வா, பாப்போம்."

வெயிலும் வேம்பும்

அதற்கடுத்த சனிக்கிழமை பேருந்து தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணைகளும் முற்றத்துக்கு வந்திருந்தன. ஒரு தட்டு வெயிலில், ஒரு தட்டு வேப்பமர நிழலில். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அண்ணாச்சி ஆபீஸ் பேனாவால் மணி போட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஆசையாகக் கிட்டே போய்க் குனிந்தேன். பூரணி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அண்ணா, வெயில் தட்டுல ஒங்க நெழல் விழுது. தள்ளி நில்லுங்க."

நம் வேலை ஒழுங்காக நடந்த வீட்டில் கடைசியில் நம்மை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். பால் வாங்க ஆள் போகாததால் காப்பியும் கடுங்காப்பியாகத்தான் வரும்.